‘விடு’ என்று கேட்டது

கொக்கு என்பது அவனுடைய உண்மையான பெயரல்ல. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஆளும் நெட்டை, உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கழுத்தை நீட்டி நாள் முழுக்கக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். ஒருநாள் வீட்டுக்கு வந்த சிநேகிதன் ஒருவன் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டான். அத்தான் காதில் அது விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்கு வேறு பெயர் இல்லாமல் போயிற்று.

வீடு என்றால் அக்காவின் வீடு. கீழே முன்பக்கம் அத்தானின் பல் மருத்துவமனை, பின்பக்கம் குடித்தனம், மாடியில் ஓர் அறை அவனுக்கு. விபத்து நடந்து மூன்று வாரம் ஆகியும் அவன் அந்த அறைக்குத் திரும்பவில்லை. துணிமணிகளை ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு துறைமுகத் தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டிலுக்குப் போய்விட்டான்.

காரணம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்ட ஒரே ஒரு கேள்வி.

“வேணும்னே செஞ்சியாடா?”

“இல்லக்கா.”

“சரி,” என்றாள் அவள். மேற்கொண்டு கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். அவள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். நம்பாதவர்கள் சொல்கிற சரி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனே பலரிடம் சொல்லியிருக்கிறான்.

நடந்தது இதுதான்.

ஏரியில் ஓட்டுவதற்கென்று அத்தான் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கியிருந்தார். ஆறு பேர் உட்காரலாம். ஓட்டுகிற இருக்கை நடுவில், முன்பக்கம் பார்த்து இருக்கும். பக்கத்தில் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் போகும், நடுவில் நிறுத்தினால் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். அன்றைக்குப் படகில் நாலு பேர். அத்தான், அக்கா, அத்தானின் சிநேகிதரான மருந்துக்கடைக்காரர், கொக்கு. ஓட்டியது கொக்கு. கிரேன் ஓட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று அத்தானே இருக்கையைக் கொடுத்திருந்தார்.

காலை முழுக்க நன்றாகத்தான் போயிற்று. நேரான இடம் வந்தால் அத்தான் பின்னாலிருந்து, “விடு மச்சான், விடு விடு!” என்பார். அவன் லீவரைத் தள்ளுவான். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி அடிக்கும். அக்கா முன்பக்க இருக்கையில் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்து, தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “போதும்டா, என்னமோ ரெண்டு பேரும் கப்பலே ஓட்டுற மாதிரி,” என்று திட்டுவாள். 

திரும்பி வரும்போது அத்தானுக்கு வாய் கொஞ்சம் தாராளமாகியிருந்தது. ஐஸ் பெட்டியில் பீர் இருந்ததும் ஒரு காரணம். மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்காமல், “தம்பிக்கு எப்ப கல்யாணம்?” என்று கேட்டார்.

“இவனுக்கா? இவன் கொக்குங்க,” என்றார் அத்தான். “ஒத்தைக் கால்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பான். போன வருஷம் ஒரு பொண்ணைப் பாத்தான். பாத்தான், பாத்தான், பாத்துக்கிட்டே நின்னான். மீனு அலுத்துப்போய் வேற கொக்கு வாயில தானாப் போய் ஏறிக்கிச்சு!”

மருந்துக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தம்பி பரிசுப்பொருள் வாங்கப் போனபோது கூடப் போனவளும் அவள்தான். கொக்கு படகுத்துறையை நோக்கி நேராக ஓட்டினான். முகம் மட்டும் பூட்டிய கதவு மாதிரி ஆகியிருந்தது.

துறையை ஒட்டிப் படகு மெதுவாக வந்ததும் அத்தான் பின்பக்கக் கயிற்றை எடுத்துக்கொண்டு பலகைமேல் தாவினார். கயிற்றை இடது கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். கயிறு கட்டுவதற்கென்று அங்கே நட்டிருந்த குட்டையான இரும்புத் தூணிலும் ஒரு சுற்றுச் சுற்றினார். படகு இன்னும் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. கயிறு இறுகியது. கை தூணோடு போய் ஒட்டியது. அத்தான் கத்தினார். கொக்குவின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது ஒரு வார்த்தை.

“விடு!”

அவன் லீவரைத் தள்ளினான்.

இரண்டு விரல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இடது கைதானே என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். பல் மருத்துவருக்கு இடது கை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. வலது கை குடைகிறபோது, கன்னத்தை ஒதுக்கி, நாக்கைத் தள்ளி, சின்னக் கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சத்தைத் திருப்புவதெல்லாம் இடது கைதான். எலும்பு கூடிவிடும், நடுவிரல் மடங்கும், ஆள்காட்டி விரலைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் அறுவை மருத்துவர்.

“நிறுத்துன்னு நான் கத்துறேன், இவன் ஓட்டுறான்,” என்று அத்தான் எல்லோரிடமும் சொன்னார். “ஓட்டுன்னுதான் எனக்குக் கேட்டுது,” என்று கொக்கு சொன்னான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கு மட்டும் மூன்றாவது ஒரு சாட்சி இருந்தது. லீவர் நகர்வதற்கு முன்னால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது தம்பியின் முகத்தை.

படகுத்துறையின் பாதுகாப்பு ஆய்வாளர் மூவரையும் வரச்சொல்லித் தகவல் அனுப்பினார். நடுவயதுப் பெண்மணி. தகரக் கூரை போட்ட அவருடைய அறையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் ஆணிகளில் தொங்கின. பெட்ரோல் வாசனையும் ஈரத் துணி வாசனையும் கலந்து அடித்தது. சுவர் மின்விசிறி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மேசைமேல் இருந்த தாள்கள் எழுந்து உட்கார்ந்தன.

அக்காவும் அத்தானும் காரில் வந்திருந்தார்கள். கொக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். அத்தானின் கை கழுத்திலிருந்து தொங்கிய பட்டையில் கிடந்தது. அவரும் கொக்குவும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள், வங்கியில் வரிசையில் நிற்கிறவர்கள் அசைத்துக்கொள்வது போல.

“குடிச்சிருந்தீங்களா?” என்று ஆய்வாளர் அத்தானைக் கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு.”

“ரெண்டு,” என்றாள் அக்கா.

“ரெண்டாவதுல பாதியை மருந்துக்கடைக்காரர் குடிச்சாரு.”

“அப்ப ஒண்ணரை,” என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். “படகு விபத்துன்னா எல்லாரும் புயல், பாறை, சுழல்னு நினைச்சுக்குறாங்க. இத்தனை வருஷத்துல நான் புயலையே பாத்ததில்ல. எழுந்து நின்னு போட்டோ எடுக்குறவங்க, எல்லாரும் ஒரே பக்கம் போய் உக்காருறவங்க, லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையா வச்சிக்கிறவங்க, ஓட்டத் தெரியும்னு சொல்லிட்டு வர்றவங்க. இவங்களைத்தான் பாத்திருக்கேன். அதுவும் நடு ஏரியில இல்ல. வந்து சேர்ந்தாச்சுன்னு நினைக்கிற இடத்துல, இதோ இந்தப் பலகைக்குப் பக்கத்துலதான். கயித்தைக் கையில சுத்தலாமா டாக்டர்?”

“தப்புதான்.”

“பல்லுக்கு நூல் கட்டி இழுக்குறப்ப விரல்ல சுத்துவீங்களா?”

“அந்தக் காலமெல்லாம் போயிடுச்சு மேடம். இப்ப இடுக்கிதான்.”

“கயித்துக்கு அந்தக் காலம் இன்னும் போகலை போல,” என்று சொல்லி அவர் எழுந்தார். “சரி, வாங்க. படகுகிட்டப் போவோம்.”

படகு முன்னும் பின்னும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு லீவரை நடுவில் நிறுத்தச் சொன்னார். கொக்கு தன் இருக்கையில், முதுகைத் துறைக்குக் காட்டி உட்கார்ந்தான். அக்காவை அவனுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அத்தான் பலகைமேல் அதே குட்டைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல கையால் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

“அன்னிக்கு என்ன சொன்னீங்களோ, அதே மாதிரி கத்துங்க டாக்டர். வலி நினைப்போட கத்துங்க.”

“அதுக்கு ஒண்ணும் சிரமப்பட வேண்டாம்,” என்றார் அத்தான். கத்தினார்.

ஆய்வாளர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். “டாக்டர், நீங்க சொன்னது என்ன?”

“‘லீவரை விடு’ன்னேன். அன்னிக்கும் அதுதான் சொன்னேன். லீவர்லேருந்து கையை எடுன்னு.”

“தம்பிக்கு என்ன கேட்டுது?”

“விடு,” என்றான் கொக்கு.

ஆய்வாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா இன்னொரு முறை கத்தச் சொன்னாள். எஞ்சினை மறுபடி ஓடவிட்டார்கள். அத்தான் மறுபடி கத்தினார். தண்ணீரில் நின்ற ஏதோ பறவை எழுந்து பறந்தது. அக்கா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கும் ‘விடு’ மட்டும்தான் கேட்டுது,” என்றாள்.

“வேகமாப் போகணும்னா என்ன சொல்லுவீங்க டாக்டர்?”

அத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவரிடம் பல்லைக் காட்ட வருகிறவர்கள்தான் வழக்கமாக அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

“விடு விடுன்னுதான்,” என்றார் கடைசியில். “காலையிலேருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

பிறகு அத்தானே சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை என்பது அக்காவின் முகத்தில் தெரிந்தது. “அட, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் ஒரே பேரை வச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போயிருக்கோம். கையோட போச்சே, அதைச் சொல்லுங்க.” படகுக்குக் கிட்டே வந்து நின்றார். “நான் உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன் மச்சான். மனசுல வச்சுக்காதே. விடு.”

“எந்த விடு?” என்றார் ஆய்வாளர்.

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தம்பியின் தோளில் கைவைத்து ஊன்றிப் படகிலிருந்து பலகைக்கு ஏறினாள். ஏறிய பிறகும் அந்தக் கையின் கனம் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது. அத்தானைக் கூட்டிக்கொண்டு அவள் கார் நின்ற பக்கம் நடந்தாள். “நீயும் வாடா, கார்லயே போயிடலாம்,” என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

எல்லாம் முடிந்துவிட்டது. அவன் எழுந்து பின்னாலேயே போக வேண்டியதுதான். மாடி அறை, காலை காப்பி, அத்தானின் கிண்டல், எல்லாம் பழையபடி ஆகிவிடும். குற்றவாளி ஒரு வார்த்தை. அதைக் கூண்டில் ஏற்ற முடியாது, அதற்கு அக்காவும் கிடையாது. கொக்கு எழுந்திருக்கவில்லை. லீவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“கிரேன்லயும் இப்படிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டுவீங்களா?” ஆய்வாளர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

“இல்ல. அங்க சத்தம் கணக்கே கிடையாது. கீழ ஒருத்தர் நிப்பாரு. அவர் கையைப் பாத்துத்தான். கை தெரியலைன்னா அசைக்கக் கூடாது. யார் என்ன கத்துனாலும்.”

“இங்க அந்தப் பழக்கம் வரலையாக்கும்.”

“வந்துச்சு,” என்றான் கொக்கு.

ஆய்வாளர் கயிறு சுருட்டுவதை நிறுத்தினார்.

அவன் சொல்ல ஆரம்பித்தான், சொல்லும்போதுதான் அவனுக்கே அது முழுதாகத் தெரிந்தது. காலையில் அத்தான் ‘விடு’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவன் கழுத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்திருந்தான். பார்த்துவிட்டுத்தான் தள்ளினான். அது அவனாக யோசித்துச் செய்ததல்ல, உடம்பில் ஊறியது. துறைக்கு வந்தபோதும் அந்தக் குரல் கேட்டதும் கழுத்து திரும்பத்தான் பார்த்தது. அவன் திருப்பவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க அந்த நேரம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மீன் வேறு கொக்கின் வாயில் ஏறிக்கொண்டது என்று சொல்லிச் சிரித்த முகம். உன்னைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பிலேயே கை லீவரைத் தள்ளியது.

“திரும்பியிருந்தா கயிறு தெரிஞ்சிருக்கும். கை மாட்டினது தெரிஞ்சிருக்கும்,” என்றான். “வேணும்னு செய்யலை மேடம். ஆனா வேணும்னுதான் பாக்கலை.”

ஆய்வாளர் கார் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“இதை நீங்க சொல்லியே ஆகணும்னு இல்ல. இப்ப நான் எழுதினதுல யார் மேலயும் தப்பு இல்ல.”

“தெரியும்.”

“எழுதினா இந்த ஏரியில ஒரு வருஷம் நீங்க ஓட்ட முடியாது.”

“எழுதுங்க.”

“கோவம்னு ஒரு காரணம் எங்க தாள்ல கிடையாது. ‘பின்னால் கவனிக்கவில்லை’ன்னு இருக்கு. அதைப் போட்டுக்கறேன்.” கயிற்றைக் கீழே வைத்தார். “அங்க கார்கிட்ட நிக்கிறவங்களுக்கு நீங்கதான் சொல்லணும். அது என் வேலை இல்ல.”

காரில் அத்தான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். அக்கா வெளியே நின்று, அவர் கைக்கு அண்டை கொடுக்கத் தலையணையைத் தேடிப் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் தலையணையை எடுத்துக் கதவைச் சாத்தியதும் கொக்கு அவளிடம் போய் நின்றான். சுற்றி வளைக்கத் தெரியாதவன் என்பதால் ஆய்வாளரிடம் சொன்னதை அப்படியே சொன்னான். அவள் தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்டா,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீ திரும்பலைங்கறது. எதிர்லதானே உக்காந்திருந்தேன்? காலையிலேருந்து கழுத்து சுளுக்கிக்கிற அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்தவன், அப்ப மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா பாத்தே. அதைப் பாத்துட்டுத்தான் கேட்டேன், வேணும்னே செஞ்சியான்னு. நீ ஒரே வார்த்தையில இல்லன்னுட்டே.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இன்னிக்கு அந்தம்மா ‘விடு’வைக் கண்டுபிடிச்சதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. இந்த நிம்மதியே போதும், இதோட இருந்துடலாம்னு நெனச்சேன். அவர் சிரிச்சாரேடா. மூணு வாரம் கழிச்சு.”

“அப்ப அவர்கிட்ட சொல்ல வேண்டாமா?”

அவள் தலையணையின் உறையை இழுத்து நேர் செய்தாள்.

“சொல்லு,” என்றாள். “தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஒரே வீட்டுல ரெண்டு பேரா உக்காந்திருக்க என்னால ஆகாது.”

அவன் முன்பக்கம் போனான். அத்தான் வலது கையை எட்டிக் கண்ணாடியை இறக்கினார். “என்ன மச்சான், ஏறலையா?”

மூன்றாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தானின் முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. ஓரம் ஓரமாகக் கழன்றது. அவர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், அது வேறு யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

“நான் சொன்னது அவ்வளவு சுட்டுச்சா?”

“சுட்டுச்சு.”

“அங்கேயே ரெண்டு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாமே.”

“மருந்துக்கடைக்காரர் முன்னாடி எப்படி அத்தான்…”

“நான் மட்டும் அவர் முன்னாடி சொன்னேனே,” என்றார் அத்தான். அது கோபமா, ஒப்புக்கொள்வதா என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. அக்கா வந்து தலையணையை அவர் கைக்குக் கீழே வைத்தாள். சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பாமல் காத்திருந்தாள்.

அத்தான் முன்கண்ணாடி வழியாக ஏரியைப் பார்த்தார். வாடகைப் படகு ஒன்றில் நாலைந்து பேர் எழுந்து நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். “உக்காருங்கய்யா,” என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார்.

பிறகு கண்ணாடியைப் பாதி ஏற்றினார்.

“இன்னிக்கு என் பக்கத்துல உன்னை உக்கார வச்சுக்க முடியாது மச்சான். நீ பஸ்ல வா.”

அக்கா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. கொக்கு சன்னலை விட்டு நகரவில்லை. குனிந்து, பாதிக் கண்ணாடிக்கு மேலாக, அத்தானின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“பஸ்ல போன்னு சொன்னீங்களா, வான்னு சொன்னீங்களா அத்தான்?”

அத்தான் எரிச்சலோடு திரும்பினார். இரண்டு பேரின் கண்ணும் நேருக்கு நேர் நின்றன.

“வான்னுதான்டா சொன்னேன். வீட்டுக்குத்தான். செவிடா நீ?”